எங்கள் ஊர் பர்சோ

எங்கள் கேன்டீன் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு இருக்கிறது. இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லத் தாழ்ந்து, வலப்பக்கச் சட்டத்தை நெருங்கும்போது ஏறக்குறைய படுத்துவிடும் கோடு. நீலமாக இருந்தது, இப்போது சாம்பல் நிறம். வரைந்தவர் மேடம். வெள்ளைப் பலகைப் பேனா என்று நினைத்து, இரும்புத் தகட்டில் எண் எழுத ஷெட்டில் வைத்திருக்கும் அழியாத மார்க்கரை எடுத்து வரைந்துவிட்டார். அன்று சாயங்காலமே துடைத்தார்கள். தின்னர் ஊற்றித் தேய்த்தார்கள். நிறம்தான் போனது. அந்த ஜன்னல் வழியாக ஷெட் முழுவதும் தெரியும். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேனும், அதன் ஓரத்தில் தொங்கும் ஆபரேட்டர் கேபினும் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் போய்வரும். நான் தினமும் அங்கேதான் டீ குடிக்கிறேன். வேறு இடம் கிடையாது.

மேடத்தைப் பற்றி எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கோபம் இன்னும் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அவர் கெட்டவர் என்று யாராவது முடிவுகட்டினால் அவர்கள் மேலும் கோபம் வரும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

உப்பலில் மின்மாற்றிகளுக்கான இரும்புத் தொட்டி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் பாதுகாப்புப் பிரிவு. தொங்கும் லோடுக்குக் கீழே நிற்காதே, ஹெல்மெட்டைப் போடு, அந்தச் சங்கிலியைத் தொடாதே என்று நாள் முழுக்கக் கத்துகிற வேலை. அதற்கேற்ற வாய்தான் எனக்கு. தாத்தா அரக்கோணத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு இங்கே வந்தவர், அப்பாவும் அதே பட்டறை. லாலாகுடா குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். வீட்டில் தமிழ், தெருவில் இந்த ஊர் உருதுவான தக்கணி, பள்ளியில் தெலுங்கு. மூன்றிலும் திட்டத் தெரியும்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர். டெல்லியில் படித்தவர், குகட்பள்ளியில் குடியிருந்தார். எங்கள் நிர்வாகம் வெளியிலிருந்து வரவழைத்த ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு அவர் பொறுப்பு. ஒரு தொழிலாளி அடுத்து எப்படி நடந்துகொள்வார், கவனம் தப்புவாரா, விதியை மீறுவாரா, வேலையை விட்டுப் போவாரா என்று முன்கூட்டியே எண்ணாகச் சொல்வது அவர்கள் தொழில். ஜோசியக்காரி வந்திருக்கிறாள் என்று ஷெட்டில் சிரித்தார்கள். மேடம் காதிலும் விழுந்தது. அவர் கேன்டீனுக்கே வந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எல்லோருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"மனுசனோட குணம் ஒண்ணு. அந்த வேலை மேல அவருக்கு இருக்கிற ஆசை ஒண்ணு. தப்புல இருந்து கத்துக்கிற வேகம் ஒண்ணு. மூணையும் எண்ணாக்கிட்டா, அடுத்து என்ன செய்வார்னு ஓரளவுக்குச் சொல்லிப்போடலாமுங்க."

"ஓரளவுக்குன்னா?" என்றேன் நான்.

"ஓரளவுக்குன்னா ஓரளவுக்குத்தானுங்க. இதென்ன அருள்வாக்கா?"

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். தெரிந்ததற்கு மேல் ஒரு விரற்கடைகூட அவர் பேசவில்லை. அன்றைக்குப் பேசவில்லை.

அந்தக் கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. நல்கொண்டாவிலிருந்து ஒரு பெண் கிரேன் பயிற்சிக்கு வந்திருந்தாள். கொக்கியை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வராது, லோடு ஊஞ்சல் மாதிரி ஆடும். அவளைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். நானும் சரி என்றுதான் சொன்னேன், ஆடுகிற லோடு யார் மண்டையில் விழும் என்பது என் கவலை. மேடம் அவளுடைய ஒவ்வொரு பயிற்சியிலும் நடந்த தவறுகளை எடுத்துவைத்து, எங்கள் முன்னால் ஜன்னல் கண்ணாடியிலேயே வரைந்தார். மற்றவர்களுடைய கோடு வேகமாகச் சரிந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, அதற்குமேல் அவர்கள் கற்பதில்லை. இவளுடைய கோடு மெதுவாக, ஆனால் விடாமல், தாழ்ந்துகொண்டே போகிறது. "இன்னும் நிக்கலைங்க பாருங்க. நிக்காத கோட்டை எதுக்குங்க நாம நிறுத்தறது?" என்றார். பயிற்சியாளர் தலையைச் சொறிந்தார். அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம் கொடுத்தார்கள். அவள் கற்றுக்கொண்டாள். கணக்கு ஒரு மனுஷியைக் காப்பாற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கிரேன் ஓட்டுகிறவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசைக்காரர். அவருக்குப் பேச்சு முக்கால்வாசி தக்கணி, மிச்சம் வேலூர்ப் பக்கத்துத் தமிழ். ஏணியில் ஏறி கேபினில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். முட்டை மாதிரி வைப்பார் லோடை. ஆனால் கோபக்காரர். மேலேயிருந்து ஹார்ன் அடித்துத் திட்டுவார், எங்கள் ஜி.எம். கீழே நின்றாலும் திட்டுவார். ஜி.எம். அதை மறக்கிற ஆள் இல்லை.

மேடத்தின் கணக்குக்கு எல்லோரிடமும் பேட்டி எடுத்தார்கள். மனிதர் இல்லை, கையகல டேப்லெட். அது கேள்வி கேட்கும், நாம் பேச வேண்டும், அது எழுத்தாக்கிக்கொள்ளும். ஹிந்தி, தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றும் இருந்தன. தமிழ் இல்லை. அண்ணன் ஹிந்தியை அழுத்தினார், பேசியது தக்கணி. மெஷினை நம்பாமல் ஹிந்திப் பதிவுகள் எல்லாவற்றையும் மேடம் தானே காதில் மாட்டிக் கேட்டுச் சரிபார்த்தார். அந்த உழைப்பைக் குறைசொல்ல முடியாது. ராத்திரி பகல் பார்க்காமல் கேட்டார்.

முடிவு நிறமாக வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. அண்ணன் சிவப்பு. கோபத்தில் வேலையைப் பாதியில் விட்டு இறங்கக்கூடியவர், பல டன் இரும்பை ஆள்கள் தலைக்கு மேல் தொங்கவிட்டுக்கொண்டு அப்படி ஒருவர் உட்காரக்கூடாது. ஜி.எம். அன்றைக்கே உத்தரவு போட்டார். பாதுகாப்புப் பிரிவு என்பதால் அதை நேரில் சொல்ல வேண்டியவள் நான்.

எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று மேடத்திடம் போய் நின்றேன். சொல்லக்கூடாது என்றார். எந்தப் பதில் எவ்வளவு எடை போட்டது என்று வெளியே தெரிந்தால் அடுத்த முறை எல்லோரும் அதற்கேற்றபடி பதில் சொல்வார்கள், கணக்கு கெட்டுவிடும், ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றார். "ஒரு ஆளோட பொழப்பு மேடம் இது," என்றேன். "கீழே நிக்கிற ஆளுங்க உசுருங்க இது," என்றார். என் வசனத்தை என்னிடமே திருப்பிச் சொன்னார்.

ஏணியடியில் அவரிடம் சொன்னோம். மேடமும் கூட வந்தார், வராமல் இருந்திருக்கலாம், வந்தார். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே ஒரே வார்த்தை கேட்டார்.

"கைக்கு?"

எதற்கு என்று அர்த்தம். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கிரேனைப் பார்த்தார். அண்ணன் இன்னொரு தடவை, "கைக்கு மேடம்?" என்றார். கேபின் சாவியை என் கையில் வைத்துவிட்டு நடந்தார். எத்தனையோ பேர் என்னை எத்தனையோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு கைக்கு மாதிரி எதுவும் உறைத்ததில்லை.

அவரை ஸ்டோரில் போட்டார்கள். போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துத் தட்டில் வைக்கும் வேலை. சம்பளத்தில் கை வைக்கவில்லை என்று ஜி.எம். பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அண்ணன் கேன்டீனில் இந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார ஆரம்பித்தார். கிரேன் ஹார்ன் கேட்டால் மெல்லுவதை நிறுத்துவார். ஒரு நாள் அவர் மகள் எனக்கு போன் செய்தாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற பெண். "ஆன்ட்டி, நான்ன இன்ட்லோ அஸ்ஸலு மாட்லாடட்லேது," என்றாள். அப்பா வீட்டில் பேசுவதே இல்லையாம். ஏதாவது செய்யுங்கள் என்று அவள் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டாள். எனக்கே தெரியாது என்றேன். அது உண்மை. ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஒருத்திக்கு, ஒரு ஆளை எதை வைத்து இறக்கினோம் என்று தெரியாது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது.

வாரங்கள் போகப் போக அவர் உண்மையிலேயே மாறினார். முன்பு கோபம் வந்தால் கத்திவிட்டு மறுநிமிடம் டீ வாங்கித் தருவார். இப்போது கத்தவில்லை. உள்ளேயே வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. மேடமும் கவனித்தார். ஸ்டோர் பக்கம் போகும்போது வேகமாக நடப்பார்.

ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றிருந்தோம். மேடத்தின் கார் வரவில்லை. அண்ணன் தன் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்பாது. மட்கார்டு துருவேறி ஓட்டை விழுந்திருக்கும், சீட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார், அந்த மாதிரி வண்டி இப்போது எங்கேயும் செய்வதில்லை. மேடத்துக்கு அவரிடம் ஏதாவது பேசிவிட வேண்டும் என்று இருந்திருக்கும்.

"புதுசா ஒண்ணு எடுத்துக்கலாமில்லீங்க?" என்றார்.

அண்ணன் நிமிரவில்லை. "இதே பர்சோ எடுத்ததுதான்," என்றார். வண்டி கிளம்பியது, போய்விட்டார்.

மேடம் சிரித்தார். நிம்மதியான சிரிப்பு. "பரவால்லைங்க, தமாசெல்லாம் பண்றாரு."

"என்ன தமாஷ்?"

"அந்தத் துருப்பிடிச்ச வண்டியப் போயி முந்தாநாள் எடுத்ததுங்கறாரே."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "முந்தாநாள் உங்க டெல்லி பர்சோ மேடம். எங்க ஊர் பர்சோ வேற. நேத்துக்கு முன்னாடி நடந்தது எல்லாமே பர்சோதான். முந்தாநாள் வாங்கின தக்காளியும் பர்சோ, எங்கப்பா கல்யாணமும் பர்சோ."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. எடுக்க மறந்துபோன மாதிரி நின்றது. பிறகு அங்கேயே, வாட்ச்மேன் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். கார் வந்து ஹார்ன் அடித்தது, திரும்பவில்லை. ஒரு பதிவைத் தேடி எடுத்தார். காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஒப்பந்தப்படி நான் கேட்கக்கூடாத பதிவு.

கடைசியாக எப்போது கோபத்தில் வேலையைப் பாதியில் விட்டீர்கள் என்று மெஷின் குரல் ஹிந்தியில் கேட்டது. அண்ணன் கனைத்துக்கொண்டார். பர்சோ, என்றார். ஃபோர்மேனோடு சண்டை. லோடுக்குக் கீழே ஆள் நிற்கிறான், தூக்கு தூக்கு என்கிறான் அந்த ஆள். லோடைக் கீழே வைத்தேன், நானும் இறங்கிவிட்டேன், போடா என்றேன்.

அந்தச் சண்டை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. அந்த ஃபோர்மேன் ஓய்வுபெற்றுப் போயே வருஷக்கணக்காகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நானே அதை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன், ஆபரேட்டர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. மேடத்தின் கணக்கில் அது நேற்று முன்தினம் நடந்த கோபம். பழைய கோபத்துக்கு எடை குறைந்துகொண்டே போகும், புதிய கோபத்துக்கு முழு எடை என்பது அவர் போட்ட விதி. நியாயமான விதிதான். எடையை ஏற்றிய கை தப்பு.

அடுத்த கேள்வியையும் கேட்டோம். மேலே போக ஆசை இருக்கிறதா என்று மெஷின் கேட்டது, பதவி உயர்வைத்தான் சொன்னது. "நக்கோ," என்று சிரித்தார் அண்ணன். வேண்டாம், நான் இப்போதே எல்லோருக்கும் மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். மெஷின் நக்கோவை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆசைக்குப் பூஜ்யம் போட்டது. ஆசையையும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கையையும் பெருக்கித்தான் வேலை மேல் உள்ள பிடிப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். "பெருக்கல்ல ஒண்ணு சைபராச்சுன்னா எல்லாமே சைபர்," என்றார் மேடம். பர்சோவுக்குச் சரியான காலத்தைப் போட்டார், சைபரை எடுத்தார். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. அந்த வெளிச்சம் அவர் முகத்தில் அடித்தது. எனக்கு அந்த மடிக்கணினியை எடுத்துத் தரையில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

"ஒரு வார்த்தை, எங்க யாரையாவது கேட்டிருக்கலாமே மேடம்," என்றேன்.

"கேக்கணும்னே தோணலைங்க," என்றார். "எனக்குத்தான் ஹிந்தி தெரியுமே."

மறுநாள் காலையில் ஜி.எம். அறை வாசலில் நின்றோம். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள்கள் வரப்போகிறார்கள், இந்தக் கணக்கை மற்றத் தொழிற்சாலைகளிலும் வைப்பதா என்று முடிவெடுக்கப்போகிறார்கள், அந்தப் பரபரப்பில் எங்களை வெளியே உட்காரவைத்தார். மேடம் கதவைத் தட்டினார். காத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி தட்டினார். மறுபடி காத்திருக்கச் சொன்னார்கள். அண்ணனிடம் போய் முதலில் சொல்லிவிடலாம் என்றேன். உத்தரவை மாற்றிவிட்டுச் சொல்வோம், வெறும் கையோடு போய் என்ன சொல்வது என்றார் மேடம். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

நாங்கள் அங்கே நியாயமாக உட்கார்ந்திருந்தபோது ஸ்டோரில் அது நடந்துவிட்டது. ஸ்டோர் கீப்பர் வாய்க்கொழுப்பு பிடித்தவர். வருகிறவர்களுக்குக் காட்ட அலமாரி சுத்தமாக வேண்டும் என்று காலையிலிருந்து அண்ணனை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். "மேலேர்ந்து இறங்கின நவாப் சாப், கை கொஞ்சம் சீக்கிரம் ஓடட்டும்," என்றாராம். அண்ணன் தட்டை மேஜை மேல் வைத்தார். பாதி போல்ட் தட்டில், பாதி சாக்கில். எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். எனக்கு போன் வந்ததும் நானும் மேடமும் ஓடினோம். மேடம் செருப்பு அறுந்துவிட்டது, கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

கேட்டில் பிடித்தோம். மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "தப்பு எங்க பேர்லதானுங்க. பர்சோங்கற வார்த்தைய நான் தப்பா எடுத்துட்டேன். நீங்க பச்சைதானுங்க. கோபத்துல பாதியில இறங்கறவர்னு கணக்கு சொன்னது தப்பு."

அண்ணன் அவர் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"கணக்கு சரியாத்தான் சொல்லியிருக்குது மேடம். இறங்கிட்டேன் பாருங்க," என்றார். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு இரண்டடி போய்த் திரும்பினார். "எழுதிக்கோங்க. பர்சோ இல்ல. இன்னைக்கு."

மத்தியானக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஜி.எம். திரையில் ஒன்றைக் காட்டினார். அவசரமாகச் சேர்த்திருந்தார். ஓர் ஆபரேட்டர், பெயர் இல்லை. கணித்தது: வேலையைப் பாதியில் விடுவார். நடந்தது: விட்டார். பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு டிக். வந்தவர்கள் தலையாட்டினார்கள். மேடம் எழுந்தார். அவர் இங்கிலீஷில் பேசியதைத்தான் தமிழில் தருகிறேன். அந்த டிக்கை எடுங்கள் என்றார். எங்களுக்கு வந்த தகவலே தப்பு, தப்பான தகவலை வைத்து அவரை இறக்கினோம், இறக்கி, ஒதுக்கி, காரணம் சொல்லாமல் அலையவிட்டு, அவரை அந்த இடத்துக்கு நாம்தான் கொண்டுபோனோம். மழை வரும் என்று சொல்லிவிட்டு நாமே மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினால் அதற்குப் பெயர் கணிப்பு இல்லை என்றார். ஜி.எம். சிரித்துக்கொண்டே, எப்படியோ, நடந்தது நடந்ததுதானே என்றார். வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிக் அங்கேயே இருந்தது.

மேடம் பேசியபோது எனக்குக் கண் கலங்கியது. அதே நேரத்தில் கோபமும் வந்தது. ஏணியடியில் அண்ணன் கைக்கு என்று கேட்டபோது இந்த வாய் எங்கே போயிருந்தது? காரணத்தைச் சொல்லியிருந்தால் அவர் அங்கேயே, அடப் போங்க மேடம், அது அந்தக் காலம் என்று சிரித்திருப்பார். ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கணக்குக்கு வார்த்தை ஒன்று தெரியவில்லை, அது மன்னிக்கக்கூடியது. கணக்கைப் பற்றி யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று வைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆளைப் படிக்கத் தெரிந்த கணக்குக்கு, ஆள் திருப்பிக் கேட்கவும் ஒரு வழி வேண்டாமா? இதை மேடத்திடமே கேட்டேன். அவர் சண்டைக்கு வரவில்லை. ஆமாங்க என்றார். அந்த ஆமாங்கவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அண்ணனைத் திரும்ப எடுப்பதாக ஜி.எம். சொன்னார். யார் யாருக்கு எழுதுவது என்று பாருங்கள். மேடமும் நானும் லாலாகுடாவில் அவர் வீட்டுக்குப் போனோம். உட்காரவைத்து டீ கொடுத்தார். மேடம் எவ்வளவோ சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நக்கோ மேடம்," என்றார் அண்ணன். கோபமே இல்லாமல் சொன்னார். இந்த நக்கோவை மேடம் சரியாகப் புரிந்துகொண்டார்.

அடுத்த சில நாள்களில் மேடம் அந்த வேலையை விட்டார். அவருடைய நிறுவனம் கணக்கை விடவில்லை, இன்னும் எங்கள் தொழிற்சாலையிலும் ஓடுகிறது. கடைசி நாளில் இந்த ஜன்னல் பக்கம் வந்து கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது மட்டும் சரியா இருந்துச்சுங்க," என்றார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

இப்போது அந்த டேப்லெட்டில் தமிழும் இருக்கிறது. பர்சோ என்றால், எத்தனை வருடத்துக்கு முன் என்று திருப்பிக் கேட்கிறது. ஆள்கள் எரிச்சலாகிறார்கள். நான் கேட்கட்டும் என்கிறேன். ஏன் சிவப்பு என்று கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று நானும் ஒவ்வொரு கூட்டத்திலும் கத்துகிறேன், பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். அண்ணன் போலாரம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிரேன் ஓட்டுகிறார். சக்கரம் வைத்த வண்டிக் கிரேன். கேபின் தரையோடு இருக்கும். ஒரு தடவை பார்த்தேன். கையை ஆட்டினார். பிழைப்பு ஓடுகிறதா என்றதற்கு, "ஹவ், ஓடுது. மேலேர்ந்து பாத்துப் பழகின கண்ணு, அதான் கழுத்து வலிக்குது," என்றார்.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு புதுப் பையன் சேர்ந்தான், இன்ஜினியர். இந்த ஜன்னலோரம் டீயோடு வந்து நின்றான். கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்துப் பார்த்தான்.

"என்னக்கா இது? யாரு வரைஞ்சது?"

"மேடம்."

"எப்போ?"

"பர்சோ," என்றேன். வாய் தானாகச் சொன்னது.

அவன் போனை எடுத்து அந்த வார்த்தையைத் தேடினான். பார்த்துவிட்டு, மறுபடி கோட்டைப் பார்த்தான். "முந்தாநாள்னு போட்டிருக்குக்கா. முந்தாநாள் வரைஞ்சது எப்படி இவ்வளவு மங்கியிருக்கும்? இங்க அதுக்கு வேற அர்த்தம் இருக்கா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரேன் நகர்ந்துகொண்டிருந்தது. நல்கொண்டாப் பெண் கேபினில் இருந்தாள். தொட்டி கொஞ்சமும் ஆடவில்லை. கோடு தாழ்ந்து படுக்கிற இடத்துக்குப் பின்னால் வந்து நிறுத்தினாள். கீழே யாரோ நின்றிருக்க வேண்டும், அண்ணன் அடிக்கிற மாதிரியே நீளமாக ஹார்ன் அடித்தாள்.

"உட்கார்," என்றேன் அவனிடம். "சொல்றேன்."